வைட்டமின் சி சீரத்தோடு எதைச் சேர்க்கலாம், எதைப் பிரிச்சுப் போடணும்? (நம்ம கடற்கரை வெயிலுக்கு)

தேவிபட்டினம்_நிலா

கன்னத்துல மங்கு விழுந்தவங்க கடையில போய்க் கேட்டா இப்ப ஒரே செட்டத்தான் எடுத்து வைக்கிறாங்க. 15% வைட்டமின் சி சீரம், 10% நியாசினமைடு (வைட்டமின் பி3), 0.3% ரெட்டினால் (வைட்டமின் ஏ), கூடவே சாலிசிலிக் அமிலம் போட்ட ஃபேஸ்வாஷ். எதை எப்பப் போடணும்னு யாரும் சொல்லித் தர்றதில்ல. விவரம் தெரிஞ்சவங்க இங்க இருக்கீங்க, ஒரே இடத்துல எழுதி வச்சா எல்லாருக்கும் உதவும்.

சி-யும் நியாசினமைடும் சேந்தா ஒண்ணையொண்ணு கெடுத்துக்கும்ங்கிறது உண்மையா? ரெட்டினாலை எங்க வைக்கிறது? சீரம் போட்டு வெளிய இறங்கினதும் வேர்த்து, கண்ணோரம் சுருக்குனு எரியுதே, அதுக்கு என்ன வழி? ரெண்டு மாசத்துல பாட்டில் பழுப்பாயிருச்சுன்னா மிச்சத்தைப் போடலாமா?

சீரம்_கணக்கு

முதல்ல பாட்டிலைத் திருப்பி, உள்ளே இருப்பது எந்த வைட்டமின் சி என்று பாருங்கள். மற்ற எல்லா விடையும் அதைப் பொறுத்துத்தான்.

எல்-அஸ்கார்பிக் அமிலம் என்றிருந்தால் அது நேரடி வடிவம். அதன் பி.எச். (அமிலத்தைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் அதிகம்) 3.5-க்குக் கீழே இருந்தால்தான் தோலுக்குள் இறங்கும். டியூக் பல்கலைக்கழகத்தில் ஷெல்டன் பின்னல் குழு 2001-இல் பன்றித் தோலில் அளந்து பார்த்தார்கள். 20%-க்கு மேல் செறிவைக் கூட்டினால் உள்ளே போகும் அளவு கூடவில்லை. தினமும் போட்டு வந்தால் மூன்றாம் நாளில் தோல் நிறைந்துவிடுகிறது. உள்ளே போனது பாதியாகக் குறைய ஏறக்குறைய 4 நாள் ஆகிறது. இந்தக் கடைசி எண்ணை நினைவில் வையுங்கள், பின்னால் தேவைப்படும்.

சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட், எத்தில் அஸ்கார்பிக் அமிலம், டெட்ராஹெக்சில்டெசில் அஸ்கார்பேட் என்றிருந்தால் அவை மாற்று வடிவங்கள். சூட்டை இன்னும் நன்றாகத் தாங்கும், எரிச்சல் குறைவு. ஆனால் நேரடி வடிவத்துக்கு இருக்கிற அளவு சான்று இவற்றுக்கு இல்லை.

நியாசினமைடு பயம் பழைய கதை. 1960-களின் ஆய்வக வேலையிலிருந்து கிளம்பியது. இரண்டும் ஒரே கரைசலில் இருந்தால் மஞ்சள் நிறத்தில் ஒரு தளர்வான பிணைப்பு உண்டாகும், அது திரும்பப் பிரியக்கூடியதுதான். இன்னொரு பயம், நியாசினமைடு உடைந்து நியாசினாகி முகம் சிவக்கும் என்பது. அதற்குக் கடும் அமிலமும் சூடும் நீண்ட நேரமும் சேர வேண்டும். முகத்தில் இரண்டு நிமிட இடைவெளியில் அடுத்தடுத்துப் போடுவதில் அது நடக்காது.

பிறகு ஏன் சிலருக்குச் சிவக்கிறது? 10% நியாசினமைடே பலருக்கு அதிகம். நிறத்திட்டுக்காகச் செய்த ஆய்வுகள் 2 முதல் 5% வரைதான் பயன்படுத்தின. 15% அமிலத்தின் மேல் 10% நியாசினமைடு விழும்போது தோல் இரண்டு சுமையைத் தூக்குகிறது. 5% வாங்கி இரவுக்கு மாற்றினால் பலருக்குச் சிக்கலே இருக்காது. வேலையில் இரண்டும் நல்ல சோடி. நிறமி உண்டாக்கும் டைரோசினேஸ் நொதியை வைட்டமின் சி அடக்குகிறது, உண்டான நிறமி மேல்தோல் செல்களுக்குக் கைமாறுவதை நியாசினமைடு குறைக்கிறது.

கீழக்கரை_மருந்துக்கடை

நிலா, ரெட்டினால் இரவுக்கு மட்டும். வெளிச்சத்தில் அதுவே சிதையும், தோலையும் மெல்ல உரிக்கும். காலையில் சி, இரவில் ரெட்டினால் என்று பிரித்தால் இரண்டும் முழு வேலை செய்யும்.

ஆனால் நாலையும் ஒரே நாளில் தொடங்கச் சொல்லவே கூடாது. எரிந்தால் எது எரித்தது என்று கண்டுபிடிக்க முடியாது. நான் சொல்லும் வரிசை இது. முதல் இரண்டு வாரம் சி மட்டும், ஒன்று விட்டு ஒரு நாள். அடுத்த இரண்டு வாரம் தினமும். ஐந்தாம் வாரம் இரவில் நியாசினமைடு. ஏழாம் வாரம் ரெட்டினால், வாரம் இரண்டு இரவு, முழு முகத்துக்கும் ஒரு பட்டாணி அளவு. அந்த இரவுகளில் வேறு அமிலம் எதுவும் வேண்டாம். முதல் தடவை எதையும் காதுக்குப் பின்னால் தடவி மூன்று நாள் பாருங்கள்.

கர்ப்பமாக இருப்பவர்களும் அதற்குத் திட்டமிடுபவர்களும் ரெட்டினால், அதன் இனமான அடாபலீன், டிரெட்டினாயின் மூன்றையும் தொடக்கூடாது. அவர்களுக்கு சி, நியாசினமைடு, அசெலாயிக் அமிலம் போதும். கர்ப்பத்தில்தான் மங்கு அதிகம் வரும், அதனால் இதைக் கேட்காமலே சொல்லிவிடுகிறேன்.

தேவிபட்டினம்_நிலா

நன்றி லாத்தா. சாலிசிலிக் ஃபேஸ்வாஷ் காலையிலயா ராத்திரியா?

கீழக்கரை_மருந்துக்கடை

கழுவி விடுவதுதானே, சி-யைக் கெடுக்காது. ஆனால் காலையில் அதையும் போட்டுத் தேய்த்துவிட்டு உடனே 15% சீரம் வைத்தால்தான் அந்தச் சுருக் எரிச்சல். மாலையில் வெளியே போய் வந்து வேர்வை, எண்ணெய், சன்ஸ்கிரீன் எல்லாம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். கழுவாமல் விடுகிற 2% சாலிசிலிக் அல்லது கிளைகாலிக் என்றால் ரெட்டினால் இல்லாத இரவில், வாரம் ஒரு முறை.

உப்புக்காத்து

பருவுக்கு பென்சாயில் பெராக்சைடு ஜெல் போடுறவங்க சி போடலாமா?

சீரம்_கணக்கு

ஒரே நேரத்தில் கூடாது. பெராக்சைடின் வேலையே ஆக்சிஜனேற்றம், வைட்டமின் சி-யின் வேலை அதைத் தடுப்பது. ஒன்றின் மேல் ஒன்று போட்டால் சி செலவழிந்து போகும், காசுதான் நட்டம். காலையில் சி, இரவில் பருவின் மேல் மட்டும் 2.5% பெராக்சைடு. அது தலையணை உறையையும் துண்டையும் வெளுக்கும், வெள்ளைத் துணி பயன்படுத்துங்கள்.

காப்பர் பெப்டைடும் இதே வகைதான். செம்பு அயனி அஸ்கார்பிக் அமிலம் கெடுவதை விரைவுபடுத்தும். வேறு வேளையில் போடுங்கள். ஹைலூரானிக் அமிலம், கிளிசரின், செராமைடு, டிரானெக்சாமிக் அமிலம் இவற்றோடு தகராறு இல்லை.

சேர்க்கவே வேண்டிய சோடி ஒன்று உண்டு. 15% அஸ்கார்பிக் அமிலம், 1% வைட்டமின் ஈ, 0.5% ஃபெருலிக் அமிலம். 2005-இல் வந்த ஆய்வில், சி-யும் ஈ-யும் மட்டும் தந்த வெயில் பாதுகாப்பு ஏறக்குறைய 4 மடங்கு, ஃபெருலிக் சேர்ந்ததும் 8 மடங்கு. கரைசலும் நிலைத்து நின்றது. வைட்டமின் சி-யோடு எதையாவது சேர்த்தே ஆக வேண்டும் என்றால் இந்த இரண்டும்தான் முதலில் வர வேண்டும். கடையில் கேட்கும்போது இந்த மூன்று பெயரையும் ஒரே பாட்டிலில் தேடுங்கள்.

மண்டபம்_கரை

பாசி எடுக்கப் போற பெண்களுக்கும் கப்பாபைகஸ்ங்கிற கடற்பாசியை வளர்க்க மிதவை கட்டுறவங்களுக்கும் இதுல எதுவுமே ஒத்து வரலியே. மண்டபம், பாம்பன், சின்னப்பாலம் பக்கம் விடியுறப்பவே தண்ணிக்குள்ள இறங்கிடுவாங்க. முகக் கண்ணாடி மாட்டி, விரல்ல துணி சுத்தி மணிக்கணக்கா முங்கி எந்திரிக்கிறாங்க. காலையில சீரம், அதுக்கு மேல சன்ஸ்கிரீன்னு சொன்னா அஞ்சு நிமிஷத்துல கடல் கொண்டுபோயிரும். மங்கு அதிகமா இருக்கிறதும் அவங்களுக்குத்தான். பாறையில கீறின கையி, கண்ணாடி அழுத்துன இடமெல்லாம் உப்பு பட்டுப் புண்ணாயிருக்கும்.

சீரம்_கணக்கு

மேலே நினைவில் வைக்கச் சொன்ன 4 நாள் கணக்கு இங்கேதான் உதவும். தோலுக்குள் இறங்கிய அஸ்கார்பிக் அமிலத்தைக் கடல் கழுவிக்கொண்டு போகாது. மேலே மிஞ்சியது மட்டுமே போகும். அதனால் காலை என்ற கட்டாயம் இவர்களுக்கு இல்லை, சி-யை இரவுக்கு மாற்றிவிடுங்கள். மூன்று இரவு தொடர்ந்து போட்டால் காலையில் கடலில் இறங்கும்போது தோலில் அது இருக்கும்.

கரையேறியதும் நல்ல தண்ணியில் உப்புப் போகக் கழுவி, துண்டால் ஒற்றி, பத்து நிமிடம் முழுதாகக் காய விடுங்கள். ஈரத் தோலில் அமிலம் வேகமாக இறங்கும், எரியும். உப்பு காய்ந்த தோலில் கேட்கவே வேண்டாம். கண்ணாடி அழுத்திய தழும்பு ஆறும்வரை அந்த இடத்தில் வாசலின் மட்டும். கீறல் விழுந்த விரலால் எடுக்காமல், சொட்டுகளை நேரே கன்னத்தில் விட்டுப் பரப்பினால் கை எரியாது. ரெட்டினால் இவர்களுக்கு வேண்டாம். தினம் நாலு மணி நேரம் வெயிலும் உப்பும் படுகிற தோலை உரிப்பதில் நன்மையைவிடத் தொல்லை அதிகம். அதன் இடத்தில் 10% அசெலாயிக் வைக்கலாம், சி போடாத இரவில்.

தோல்நலம்

அதோடு, சீரத்தை விடத் துணிதான் பெரிய மருந்து என்பதை இந்த இழையில் யாராவது உரக்கச் சொல்ல வேண்டும். நம் கரையில் வானம் தெளிந்த நாளில் உச்சிவேளை புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டும். காய்ந்த மணல் ஏறக்குறைய 15%, கடல் நுரை 25% கதிரைத் திருப்பி அடிக்கும். தொப்பி போட்டாலும் கீழிருந்து வருகிறது. கழுத்தோடு கன்னத்தையும் மூடுகிற கெட்டி நெசவுத் துணி, அகல விளிம்புத் தொப்பி, அதற்குப் பிறகு 80 நிமிடம் நீர் தாங்கும் எஸ்.பி.எஃப். 50 சன்ஸ்கிரீன். இறங்குவதற்கு 15 நிமிடம் முன்னே போட வேண்டும், கரையேறும் ஒவ்வொரு முறையும் துடைத்துவிட்டுத் திரும்பப் போட வேண்டும்.

அளவு: ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் ஒரு கோடு பிழிந்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரி. ஆய்வகத்தில் எஸ்.பி.எஃப். அளக்கிறபோது ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் போடுகிறார்கள். கடுகளவு எடுத்துத் தேய்த்தால் அட்டையில் போட்ட எண் முகத்தில் கிடைக்காது.

மங்குக்கு மட்டும் ஒரு தனிச் செய்தி. நம்மைப் போன்ற மாநிறத் தோலில், கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சமே மங்கைக் கருக்க வைக்கும். சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது. இரும்பு ஆக்சைடு கலந்த, தோல் நிறத்தில் இருக்கிற சன்ஸ்கிரீன்தான் தடுக்கும்.

உப்புக்காத்து

செம்பு பட்டா சி கெட்டுப் போகும்னு மேல படிச்சேன், இரும்பும் அப்படித்தானாமே. அப்ப இரும்பு ஆக்சைடு சன்ஸ்கிரீனை சி மேல போட்டா?

சீரம்_கணக்கு

நல்ல கேள்வி. நிறமியாகச் சேர்க்கும் இரும்பு ஆக்சைடு நீரில் கரையாத துகள், பெரும்பாலும் மேலுறை பூசியிருப்பார்கள். கெடுதல் செய்வது கரைந்த அயனி. சீரம் இறங்கிக் காய்ந்த பிறகு போடும்போது பயமில்லை. உண்மையான சிக்கல் துத்தநாக ஆக்சைடில். அது அமிலத்தைச் சமன்படுத்திவிடும். அதனால் உள்ளங்கையில் சீரத்தையும் சன்ஸ்கிரீனையும் குழைத்து ஒன்றாகப் பூசாதீர்கள். பி.எச். ஏறி சி உள்ளே போகாது, சன்ஸ்கிரீன் படலமும் திட்டுத் திட்டாக உடையும்.

சீரம் 4, 5 சொட்டு. பிசுக்கு போகும்வரை 2 நிமிடம். மாய்ஸ்சரைசர். இன்னும் 2 நிமிடம். சன்ஸ்கிரீன். அரை மணி நேரம் காத்திருக்கச் சொல்கிறவர்கள் உண்டு, அதற்குத் தேவை இல்லை.

பாம்பன்_தோணி

கண்ணோர எரிச்சலுக்கு யாரும் முழுசா பதில் சொல்லல. வேர்வையில சீரம் இறங்கித்தான் கண்ணுக்குப் போகுது. கண்குழியோட எலும்பு விளிம்புக்கு உள்ள சீரம் போடாம, முதல்லயே அந்த விளிம்புல மெல்லிசா வாசலின் ஒரு கோடு இழுத்துட்டா நின்னுரும். நெத்தியிலயும் குறைச்சுப் போடுங்க, வேர்வை அங்கிருந்துதான் வழியுது.

எனக்கு ஒரு சந்தேகம். கடைச் சீரம் விலை ஜாஸ்தின்னு எலுமிச்சைச் சாறு, விட்டமின் மாத்திரை பொடி, பன்னீர்னு வீட்டுலயே கலக்கிறாங்க. அது ஆகுமா?

கீழக்கரை_மருந்துக்கடை

எலுமிச்சை கூடவே கூடாது தம்பி. பி.எச். ஏறக்குறைய 2, அதுவும் எரிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து எலுமிச்சையின் தோலில் இருக்கிற சோராலன் வகைப் பொருட்கள். சாறு பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் இரண்டு நாளில் தீப்புண் மாதிரி கொப்புளம், ஆறியபின் வழிந்த கோட்டிலேயே கருப்புத் தழும்பு. மாதக்கணக்கில் போகாது. சர்பத்துக்குக் காய் பிழிந்த கையோடு வெயிலில் நின்றாலே வரும்.

மாத்திரையும் உதவாது. மெல்லும் மாத்திரை பலவற்றில் பெரும்பங்கு சோடியம் அஸ்கார்பேட், அது அமிலமாக இல்லாததால் தோலுக்குள் இறங்காது. மிச்சம் சர்க்கரை, நிறம், ஆரஞ்சு வாசனை.

சீரம்_கணக்கு

வீட்டில் செய்தே தீருவேன் என்பவர்கள் இப்படிச் செய்யலாம். 0.01 கிராம் காட்டும் தராசும், 2.5 முதல் 4.5 வரை பிரித்துக் காட்டும் பி.எச். தாளும் இல்லாதவர்கள் தொடவேண்டாம்.

20 கிராம் சீரத்துக்கு, 10% அளவில்: எல்-அஸ்கார்பிக் அமிலத் தூள் 2 கிராம், கிளிசரின் 2 கிராம், காய்ச்சி வடித்த நீர் 15 கிராம். மிச்ச 1 கிராம் ஆப்ப சோடாக் கரைசல். 0.1 கிராம் சோடாவை நேரே நிறுப்பது கடினம் என்பதால், 1 கிராம் சோடாவை 10 கிராம் வடித்த நீரில் கரைத்து, அந்தக் கரைசலில் 1 கிராம் எடுங்கள். அதில் 0.09 கிராம் சோடா இருக்கும். சொட்டுச் சொட்டாக விடும்போது நுரை வரும், அடங்கியபின் தாளில் பாருங்கள். 3.2 பக்கம் நிற்க வேண்டும். கூடுதலாக ஊற்றி 3.5-ஐத் தாண்டிவிட்டால் போச்சு, உள்ளே இறங்காது. சோடாவே போடாவிட்டால் 2.3 பக்கம் நிற்கும், முகம் வேகும்.

நீர் விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். போர் தண்ணியில் இருக்கிற இரும்பு ஒரே இரவில் கரைசலை மஞ்சளாக்கிவிடும். கொதிக்க வைத்தாலும் இரும்பு போகாது. கேன் தண்ணீரும் வேண்டாம். செம்பு, பித்தளைப் பாத்திரம், இரும்புக் கரண்டி எதுவும் படக்கூடாது, கண்ணாடி மட்டும். பழுப்புக் கண்ணாடிக் குப்பியில் விளிம்புவரை நிரப்பி ஃபிரிட்ஜில் வைத்து 7 நாளில் முடிக்க வேண்டும். பதப்படுத்தி இல்லாததால் அதற்கு மேல் பூஞ்சை வரலாம்.

ஃபெருலிக் இதில் கரையாது, அதற்கு வேறு கரைப்பான் வேண்டும். அதைச் சேர்க்க முயன்று அடியில் மணல் மாதிரி படிவதைத்தான் பலர் போட்டுத் தேய்க்கிறார்கள்.

தேவிபட்டினம்_நிலா

முகம் கழுவுறதே உப்புத் தண்ணியிலதான். அது சீரத்தைக் கெடுக்குமா?

தோல்நலம்

நேராகக் கெடுப்பதை விட, கட்டிச் சோப்போடு சேர்ந்துதான் கெடுக்கும். சோப்பின் பி.எச். 9, 10. உப்புத் தண்ணியில் இருக்கிற கால்சியம் சோப்போடு சேர்ந்து ஒரு பிசுக்கான படிவை முகத்தில் விடும். தோலைக் கையால் தேய்த்தால் கீச்சென்று பிடிக்குமே, அதுதான். அதன் மேல் அமிலச் சீரம் வைத்தால் எரிச்சலும் வரும், பலனும் குறையும். சோப்பில்லாத ஃபேஸ்வாஷ் போட்டு, கடைசி அலசலுக்கு மட்டும் நல்ல தண்ணி ஒரு சொம்பு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சொம்பு போதும்.

மண்டபம்_கரை

ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு என்ன பண்ணலாம்? ஓட்டு வீட்டுக்குள்ளயே சித்திரை வைகாசியில கொதிக்குது. மண்பானைத் தண்ணிக்குள்ள பாட்டிலை முக்கி வைக்கலாமா?

சீரம்_கணக்கு

பானை உதவும், ஆனால் உள்நாட்டில் உதவுகிற அளவுக்கு இல்லை. நம் காற்றில் ஈரம் அதிகம், ஆவியாதல் குறைவு, சில டிகிரிதான் இறங்கும். பொதுவாக 10 டிகிரி ஏறினால் கெடும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு நேரடி அஸ்கார்பிக் அமிலம் வாங்கவே வேண்டாம் என்பேன். சோடியம் அஸ்கார்பில் பாஸ்பேட் 5% அல்லது எத்தில் அஸ்கார்பிக் அமிலம் வாங்குங்கள். பாஸ்பேட் வடிவம் நடுநிலைக்கு அருகே இருப்பதால் நியாசினமைடோடு ஒரே பாட்டிலில் கூட வரும்.

பாம்பன்_தோணி

இதுல மாறுபடுறேன். மாற்று வடிவம் மங்குக்கு ரொம்ப மெதுவா வேலை செய்யுது. 10 மில்லி பாட்டில் சின்னதா வாங்கி சீக்கிரம் முடிச்சா நேரடி வடிவமே மேல்.

சீரம்_கணக்கு

ஃபிரிட்ஜ் இருந்தால் ஒத்துக்கொள்கிறேன். 1 மில்லி ஏறக்குறைய 20 சொட்டு, தினம் 5 சொட்டு என்றால் 10 மில்லி 40 நாள். 30 மில்லி பாட்டில் 4 மாதம் ஓடும், அதற்குள் கெட்டுவிடும். ஃபிரிட்ஜ் இல்லாமல் வைகாசியில் 40 நாள் தாங்குமா என்பதுதான் என் தயக்கம்.

நிறத்தை இப்படிப் பாருங்கள். வெள்ளைத் துணியில் ஒரு சொட்டு விடுங்கள். நீர் போலவோ வெளிர் வைக்கோல் நிறமோ இருந்தால் சரி. ஃபெருலிக் சேர்ந்தது தொடக்கத்திலேயே லேசான மஞ்சள்தான். தேன் நிறம் வந்தால் சீக்கிரம் முடியுங்கள், வீரியம் குறைந்துகொண்டிருக்கிறது. கருப்பட்டிப் பாகு நிறம் வந்தால் கொட்டிவிடுங்கள். சிதைந்த வைட்டமின் சி-யிலிருந்து எரித்ருலோஸ் என்ற சர்க்கரை உண்டாகும். செயற்கையாகத் தோலைக் கருக்கும் களிம்புகளில் சேர்க்கிற பொருட்களில் அதுவும் ஒன்று. மறுநாள் நகக்கண்ணிலும் மூக்கோரத் துளைகளிலும் ஆரஞ்சுப் புள்ளியாகத் தெரிவது அந்தக் கறை. மங்குக்குப் போட்டு மங்கு கூடிவிட்டது என்று பயப்படுகிறவர்களில் சிலருக்கு நடப்பது இதுவே. போடுவதை நிறுத்தினால் சில நாளில் உரிந்து போகும்.

கீழக்கரை_மருந்துக்கடை

ஒரு எச்சரிக்கை, சி-யோடு நேரே தொடர்பில்லை என்றாலும். சீரம் மெதுவாக இருக்கிறதே என்று, மங்குக்கு “மூணு மருந்துக் கலவை” களிம்பைச் சீட்டில்லாமல் வாங்கி மேலே பூசுகிறார்கள். ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றும் அதில் இருக்கும். முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆகும். தொடர்ந்தால் தோல் மெலிந்து இரத்த நாளம் தெரியும், முடி முளைக்கும், விட்டதும் முன்னைவிடக் கருக்கலாம். 2018-இல் இந்த ஸ்டீராய்டு களிம்புகளை மருத்துவர் சீட்டு கட்டாயமான பட்டியலில் அரசு சேர்த்தது. மருத்துவர் எழுதினால் எத்தனை வாரம் என்று கேட்டு, அன்றோடு நிறுத்துங்கள். அதைப் போடும் வாரங்களில் நேரடி அமில சி வேண்டாம், ஏற்கெனவே டிரெட்டினாயின் உரித்துக்கொண்டிருக்கிறது.

தேவிபட்டினம்_நிலா

எவ்வளவு நாள்ல பலன் தெரியும்னு கேக்குறாங்க, என்ன சொல்லட்டும்?

தோல்நலம்

பரு விட்டுப்போன கருந்தழும்புக்கு 8 முதல் 12 வாரம். மங்குக்கு 12 வாரத்தில் கொஞ்சம் வெளுக்கும். கச்சான் காற்று மணலை வாரி அடிக்கிற மாதங்களில் தோல் வறண்டு எரிச்சல் கூடும், அப்போது சி-யை ஒன்று விட்டு ஒரு நாளாக்கி மாய்ஸ்சரைசரைக் கூட்டச் சொல்லுங்கள், முழுக்க நிறுத்த வேண்டாம். முதல் நாளே ஒரே சன்னல் வெளிச்சத்தில், ஒரே நேரத்தில் இரண்டு கன்னத்தையும் படம் எடுத்து வைத்து, நாலு வாரத்துக்கு ஒரு முறை அதே இடத்தில் எடுத்து ஒப்பிடட்டும். கண்ணாடியில் தினம் பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது. பாட்டில் மூடியில் திறந்த தேதியையும் எழுதி ஒட்டச் சொல்லுங்கள்.